அப்பா முப்பத்தொரு பேரை மன்னித்த கதை

சேசு மரி சூசை துணை

புதுச்சேரி,
செவ்வாய்க்கிழமை, காலை.

அன்பு மகள் சிந்தியாவுக்கு அம்மா ரோசா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடி, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். அங்கே லியோனில் நீயும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். வெள்ளிக்கு வெள்ளி போனில் பேசுகிறவள் இப்போது எதற்குத் தாள் வாங்கி எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. அப்பா குளிக்கப் போகிற பத்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. கோவில் கூடத்தில் தையல் வகுப்பு நடக்கிற மேசையில் ஒரு ஓரம் பிடித்து உட்கார்ந்து எழுதுகிறேன். யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அப்பா நல்லவராகிவிட்டார், அவ்வளவுதான். அதனால் மூன்று மாதமாக எனக்குத் தெருவில் தலைகாட்ட முடியவில்லை.

முதலில் நல்ல சேதி சொல்லிவிடுகிறேன். உன் சித்தி மகள் மெரினுக்கு இரண்டாவதும் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். மாடித் தொட்டி ஒழுகியதை அடைத்தாயிற்று. இனி அப்பா விஷயம். ஜூலை மாதம் அவருக்கு பிரஷர் நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப்பத்து என்று நின்றது, இறங்கவே இல்லை. மூன்று விதமான மாத்திரை எழுதிக் கொடுத்தும் இறங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே சிந்துஜா என்று ஒரு டாக்டர் பெண், உன் வயதுதான் இருக்கும், மாத்திரைக்கு அடங்காத பிரஷர்காரர்களை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மனம் மாறினால் உடம்பு மாறுமா, அதை மெஷினில் அளந்து காட்ட முடியுமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மாத்திரையையும் விடக்கூடாது, கூடவே ஒரு பயிற்சியும் செய்யவேண்டும். பாதிப்பேருக்கு நடைப்பயிற்சி, பாதிப்பேருக்கு மன்னிப்புப் பயிற்சி. யாருக்கு எது என்பதை ஒட்டின கவரில் போட்டு எடுக்கச் சொன்னாள். அப்பா நடைதான் வரும் என்று முந்தின நாளே ஷூ வாங்கி வைத்திருந்தார். கவரைப் பிரித்தால் மன்னிப்பு. வேறு கவர் கொடு என்று சண்டை போட்டார், அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு நோட்டைக் கொடுத்து, யார் யார்மேல் கோபமோ அவர்கள் பெயரை எழுதி, தினமும் கண்ணை மூடி ஒருவரை மனதுக்குள் மன்னியுங்கள் அங்கிள் என்று அனுப்பிவிட்டாள்.

மனதுக்குள் என்று அவள் கொடுத்த தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, நானே படித்தேன். அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. முனிசிபாலிட்டியில் பிறப்பு இறப்புப் பதிவில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவர். “சம்பந்தப்பட்டவனுக்குத் தகவல் போகாத ஆர்டர் செல்லாது ரோசா, மனசுக்குள்ள மன்னிக்கிறதுன்னா அது ஏமாத்து வேலை” என்று சொல்லிவிட்டார். நோட்டில் கட்டம் போட்டார். பெயர், விலாசம், செய்த தப்பு, தப்பு செய்த தேதி, மன்னித்த தேதி, கையெழுத்து. கார்பன் தாளுக்காக ஊரெல்லாம் அலைந்து கடைசியில் ஒரு பழைய கடையில் தூசு தட்டி எடுத்துக் கொடுத்தார்கள். ஆளுக்கு இரண்டு பிரதி, ஒன்று மன்னிக்கப்பட்டவருக்கு, ஒன்று நமக்கு. மொத்தம் முப்பத்தொரு பேர். நான் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், என் பெயர் இல்லை. முப்பத்தொன்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், என்மேல் ஒரு கோபம்கூட இல்லையா என்று கேட்டேன். “உன்ன எங்க ஆரம்பிக்கிறது, நோட்டு பத்தாதே” என்றார். அன்றைக்கு அவர் காப்பியை அவரே போட்டுக்கொண்டார்.

முதல் பெயர் தில்லையம்மாள், பெரிய மார்க்கெட்டில் நாம் வழக்கமாக மீன் வாங்குகிறவள், உனக்கு ஞாபகம் இருக்கும், உன் கன்னத்தைக் கிள்ளாமல் பை கொடுக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு போனார். நானும் பின்னாலேயே போனேன். கூட்டம் நெரிகிற நேரம். அப்பா அவள் எதிரில் நின்று தொண்டையைச் செருமி, இரண்டாயிரத்துப் பதினாலு டிசம்பர் இருபத்துநாலாம் தேதி நீ கொடுத்த வஞ்சிரம் கெட்டுப்போயிருந்தது, அதற்காக உன்னை முழு மனதோடு மன்னிக்கிறேன் என்று வாசித்தார். கத்தியை அப்படியே நிறுத்தினாள். “ஏன் சாரு, பத்து வருசம் கழிச்சு வந்து எம் மீனு நாறுச்சுன்னு மார்க்கெட்டுக்கே தண்டோரா போடுறியா? என்னை மன்னிக்க நீ யாரு? உங்க வீட்டு ஃபிரிஜ்ஜி நாறுனா அதுக்கு நானா பொறுப்பு?” என்று ஆரம்பித்தாள். அப்பா கோபப்படக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் சிரித்துக்கொண்டே நின்றார், அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்கு இன்னும் ஏறிவிட்டது. இங்கே கையெழுத்துப் போடு என்று பேனாவை நீட்டினார் பார், பக்கத்துக் கடைக்காரிகள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். இரண்டு கிலோ இறால் வாங்கித்தான் நான் அவரை வெளியே இழுத்து வந்தேன். நான் அந்த வரிசைப் பக்கமே போவதை விட்டுவிட்டேன், மொபட்டில் வருகிறவனிடம்தான் மீன்.

அடுத்தது நம்ம கோவில் சாமியார் லூர்துபிரகாஷ். பாவம், இந்த ஆராய்ச்சியைக் கேள்விப்பட்டு அவர்தான் ரொம்ப சந்தோஷப்பட்டார், விஞ்ஞானமே மன்னிப்பைத் தேடி வருகிறது என்று பிரசங்கத்தில்கூடச் சொன்னார். மறுவாரம் அப்பா சாமியார் பங்களாவுக்குப் போய், ஏழு வருஷத்துக்கு முந்தின திருவிழாவில் நன்றி சொல்லும்போது என் பெயரை அருளானந்தம் என்பதற்குப் பதிலாக அருளப்பன் என்று சொன்னதற்காக உங்களை மன்னிக்கிறேன் ஃபாதர் என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்றார் சாமியார். சொன்னீர்கள், மைக்கில் சொன்னீர்கள், மன்னித்தாயிற்று, கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றார் அப்பா. சாமியார் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் ‘ஆட்சேபணையுடன்’ என்று எழுதிக் கொடுத்தார். அதற்குப்பிறகு மூன்று ஞாயிறு என்னைத் தனியாக நிறுத்தி, “ஏம்மா, நான் நெசமாவே அருளப்பன்னா சொன்னேன்?” என்று கேட்டார். அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

இப்படியே ஊர் முழுக்க நடந்தது. அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால், உன் கல்யாணம் நின்றபோது, கொடுத்த பத்திரிகைகளைத் திரும்ப வாங்குவதற்கு வீடு வீடாகப் போனாரே, ஏறக்குறைய அதே வீடுகள்தான். அப்போது எல்லோரும் உள்ளே வாங்க சார் என்று ஆறுதல் சொன்னார்கள், இவர்தான் வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு வந்தார். அந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று நீ சொன்னது தப்பே இல்லை என்று நான் அன்றைக்கே உன்னிடம் சொல்லிவிட்டேன். அதை இங்கே மறுபடி எழுதவில்லை.

எல்லோரையும்விடக் கெட்டிக்காரர் மருந்துக்கடை ஹரிகிருஷ்ணன்தான். கொரோனா சமயத்தில் அவர் கொடுத்த மாத்திரை வழக்கமான வெள்ளையாக இல்லாமல் ரோஸ் கலரில் இருந்ததாம், போலி மாத்திரை விற்றதற்காக மன்னிக்கிறேன் என்று அப்பா வாசித்தார். ஹரிகிருஷ்ணன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கையெழுத்துப் போட்டார், கை குலுக்கினார், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். “நீங்க மன்னிச்சது நெசம்னா எங்கடை மாத்திரைய எம் முன்னாடி முழுங்குங்க சார்” என்றார். அப்பா முழுங்கினார். மறுநாளும் ஒன்பது மணிக்குப் போய் அவர் எதிரிலேயே முழுங்கினார். அன்றிலிருந்து தினமும் அதுதான் வழக்கம். இது என்ன கூத்து என்று நினைத்தேனே தவிர, எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை.

ஐந்தாவது வாரம் சிந்துஜா அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றி அமுக்கினால் நூற்றுமுப்பதுக்கு எண்பது. மறுபடி அமுக்கினாள், அதேதான். வேறு மெஷின் கொண்டுவந்தாள், அதுவும் அதையே சொன்னது. பெரிய டாக்டரைக் கூப்பிட்டாள், அவர் அப்பாவின் தோளைத் தட்டினார். இந்த நோயாளியின் கோடு மட்டும் எப்படி விழுந்திருக்கிறது பாருங்கள் என்று கம்ப்யூட்டரில் காட்டி, திங்கட்கிழமை டாக்டர்கள் கூட்டத்துக்கு அப்பா நேரில் வரவேண்டும் என்றார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்ல வரவேண்டும் என்று கோவிலில் அறிவித்துவிட்டார்கள். அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு இரண்டுக்கும் போனார். ஜெபக்கூட்டத்தில் நம்ம தெருக்கோடி செல்வாம்பாள், கோவிலுக்கே வராத இந்துப் பெண்மணி, வந்து உட்கார்ந்து, சார் என் முட்டியைத் தொட்டால் போதும் என்றாள். அப்பா தொட்டார். அவள் எழுந்து நடந்தாள். நடந்தது மட்டுமல்ல, கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றினாள். அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. “தயவுசெஞ்சு நாளைக்கே எலும்பு டாக்டரப் பாத்துடுங்க” என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினார். அவள் பார்க்கவில்லை, வீட்டு வாசலில் வாழைத்தார் வைத்துவிட்டுப் போனாள்.

சிந்தியா, இதுவரை நீ சிரித்திருப்பாய், நானும் சிரித்தேன். இனிமேல் எழுதுவதற்குத்தான் இவ்வளவு தாள். நோட்டில் கடைசிப் பெயர், முப்பத்தொன்றாவது, உத்திராபதி. அப்பாவோடு ஒரே அறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர், கடலோரம் கனகசெட்டிக்குளத்துக்காரர், உனக்குக் கிளிஞ்சல் கொண்டுவந்து கொடுப்பாரே அவர்தான். இரண்டாயிரத்துப் பதினொன்றில் ‘தானே’ புயலில் அவர் வீட்டுக் கூரை பறந்தபோது நம்ம அலுமினிய ஏணியை வாங்கிப்போனார், திருப்பித் தரவில்லை. அதோடு பேச்சு நின்றது. பஸ்ஸில் நானும் கூடப் போனேன், இது கடைசி, இதோடு முடிந்தது என்று ஒரு நிம்மதியில் போனேன். உத்திராபதி அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், மனைவி அன்புசெல்வி போனபிறகு ஆள் பாதியாகிவிட்டார். எங்களைப் பார்த்ததும் எழுந்துகொண்டார், உள்ளே மருமகளிடம் டீ சொன்னார். அப்பா உட்காராமலேயே வாசித்தார். அவர் தாளைக் கையில் வாங்கி, கண்ணாடி போட்டு, ஆபீஸ் பைலைப் படிக்கிற மாதிரி மேலிருந்து கீழே படித்தார். “‘திருப்பி தராமை’ன்னு எழுதிருக்கியே, ‘த்’ விட்டுட்டே” என்று பேனாவால் ஒற்றைச் சேர்த்தார். கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, தாளை அப்பாவிடம் நீட்டினார்.

நாங்கள் டீயைக் குடித்தோம். அப்போதுதான் அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார், சத்தமே போடவில்லை. “அன்புசெல்வி செத்தப்ப ஆபீஸ் ஆளுங்க எல்லாரும் வந்தாங்க. நீ வரல. ஏணிக்காக வரலன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு சாயங்காலமே உன்ன மன்னிச்சிட்டேன். ஒண்ணும் பெருசா நினைச்சுப் பண்ணல. அவள எடுத்துட்டுப் போறப்ப, நீ இருந்தா முன்னாடி தோள் கொடுத்திருப்பேன்னு தோணிச்சு, அவ்ளோதான், அப்பவே விட்டுட்டேன். ஒங்கிட்ட சொல்லணும்னு தோணல.” அப்பா, நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்க வாயெடுத்தவர், கையெழுத்தான தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்புசெல்வி இறந்த சேதி வந்த அன்றைக்கு நான் கிளம்பச் சொன்னேன், ‘ஏணி வரட்டும் பார்க்கலாம்’ என்று இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது மறந்தே போயிருந்தது. உத்திராபதி அண்ணன் கொல்லைக்குப் போய் ஏணியைக் கொண்டுவந்தார். உப்புக்காற்றில் கெட்டுவிடும் என்று வருஷாவருஷம் கழுவித் துடைத்து வைத்திருந்தாராம், நீ வந்து கேட்பாய் என்று இருந்தேன், கொண்டுவந்து கொடுக்க எனக்கும் ரோஷம் என்றார்.

பஸ்ஸில் ஏணியை ஏற்றமாட்டேன் என்றுவிட்டார்கள். ஒரு ஆட்டோவின் கூரைமேல் கட்டிக்கொண்டு வந்தோம். அப்பா ஒரு கையை வெளியே நீட்டி ஏணியைப் பிடித்துக்கொண்டே வந்தார். வழியில் போலீஸ்காரர் நிறுத்தி இது என்ன சார் என்று கேட்டதற்கு, மன்னிச்சிடுங்க என்றார். சட்டம் பேசவில்லை, உன் பெயர் என்ன, நம்பர் என்ன என்று கேட்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அவருக்கு பிரஷர் பார்த்தேன், நூற்று எழுபது. மூன்று நாள் அப்பா யாரோடும் பேசவில்லை. செல்வாம்பாளின் வாழைப்பழம் அத்தனையும் கறுத்துப்போனது. நான்காம் நாள் காலையில் என்னைக் குரோட்டன்ஸ் தொட்டிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். மண்ணைக் கிளறினால் மாத்திரை, நாலு வருஷத்து மாத்திரை, பாதி கரைந்தும் கரையாமலும். ஹரிகிருஷ்ணன்மேல் இருந்த கோபத்தில் ஒன்றைக்கூட முழுங்காமல் வாயில் போட்டுத் தொட்டியில் துப்பியிருக்கிறார். நான் தினமும் தண்ணீர் டம்ளரோடு எதிரில் நின்றிருக்கிறேன் சிந்தியா.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் சிந்துஜாவிடம் சொல்லிவிட்டார். அந்தப் பெண் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். “அங்கிள், நீங்கதான் என் ஆராய்ச்சியிலேயே நல்ல கேஸு” என்றாள், அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. அவருடைய கணக்கையே அடித்துவிட்டாள். மறுநாள் நோட்டை வாங்கிப்போக வீட்டுக்கு வந்தாள், அதே நேரத்தில் சாமியாரும் வந்துவிட்டார். இரண்டு பேரும் என் காப்பியைக் குடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் வாதாடினார்கள். குணப்படுத்தியது மாத்திரை, அதில் சந்தேகமே இல்லை ஃபாதர் என்றாள் அவள். நாலு வருஷம் துப்பின மனுஷனை முழுங்க வைத்தது எது டாக்டர், அதற்கு ஏதாவது மெஷின் இருக்கிறதா என்றார் சாமியார். அப்பா மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் சொன்னார், “பிரஷர எறக்கினது மாத்திரைதான் ஃபாதர். ஆனா உத்திராபதி பேசினப்போ பிரஷர் ஏறித்தானே போச்சு, எனக்கு அன்னிக்குத்தான் நல்லா இருந்துச்சு. அத எந்தக் கட்டத்துல எழுதறது?” நீ லேபில் வேலை செய்கிறவள், உனக்கு இதில் ஏதாவது தெரிந்தால் எழுது. எனக்குத் தெரியவில்லை. அவர் மாத்திரையை ஒழுங்காக முழுங்குகிறார், இப்போது நூற்றுமுப்பத்தாறு, அதுவே எனக்குப் போதும்.

இப்போது தாளும் கிடையாது, கார்பனும் கிடையாது. போன வெள்ளிக்கிழமை தில்லையம்மாள் கடையில் வரிசையில் நின்றிருக்கிறார், என்னிடம் சொல்லாமல். “இன்னிக்கு என்னா சாரு, தண்டனையா?” என்று கேட்டாளாம். இல்லம்மா, அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் கரண்ட் இல்லை என்றாராம். பெரிய பொய், அன்றைக்குக் கரண்ட் இருந்தது. ஆனாலும் அவள் ஒரு கை சங்கரா மீன் கூடப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

நேற்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன், அந்த நோட்டில் சிந்தியா பெயர் ஏன் இல்லை என்று. நாலு வருஷத்தில் உன் பெயரை இந்த வீட்டில் அவர் எதிரில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. கோபப்படவில்லை. “எழுதினேன் ரோசா. அவ பேரத்தான் மொதல்ல எழுதினேன். விலாசம் எழுதினேன். செய்த தப்புங்கிற கட்டத்துல என்ன எழுதறதுன்னு ரெண்டு நாள் உக்காந்து யோசிச்சேன். ஒண்ணும் வரல. அப்புறம் அந்தத் தாளக் கிழிச்சிட்டேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, இங்கே சாயங்காலம் அஞ்சு மணி என்றால் அங்கே எத்தனை என்று கேட்டார். சொன்னேன். காலண்டரில் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறைச் சின்னதாகச் சுழித்து வைத்திருக்கிறார், யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அதற்குத்தான் மகளே இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். அன்றைக்கு அவர் உனக்குப் போன் போடுவார், நான் சொன்னேன் என்று காட்டிக்கொள்ளாதே. அவர் மழையைப் பற்றிப் பேசுவார், தண்ணீர் வரியைப் பற்றிப் பேசுவார், அங்கே ரொட்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்பார். நீயும் அதையே பேசு. மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் நீயும் எடுக்காதே, அவர் எடுத்தாலும் விடாதே, இந்த ஊரில் அது போதும் போதும் என்று ஆகிவிட்டது. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நம்ம சகாயமாதா உன்னைத் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும். இன்னொன்று, முக்கியம். போன் அடித்ததும் முதல் மணியிலேயே எடுத்துவிடாதே, அவருக்குப் பேச்சு வராது, வைத்துவிடுவார். ரொம்ப நேரம் அடிக்கவிட்டாலும் வைத்துவிடுவார். மூன்றாவது மணியில் எடு.

உன் அன்பு அம்மா,
அ. ரோசா